வெனிஸில் ஒரு மாதம்: முழங்கால் வலி, சைவச் சமையல், நவம்பர் வெள்ளம்

கேள்வி கேட்டவர் சொல்வது இது: கோவையில் பணி ஓய்வு பெற்ற தம்பதி, இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அக்டோபர் கடைசியில் தொடங்கி ஒரு மாதம் வெனிஸில் வீடெடுத்துத் தங்க ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம், கணவருக்குச் சர்க்கரை. நவம்பரில் அந்த ஊர் தண்ணீரில் நிற்கும் என்கிறார்களே, போகலாமா, எந்தப் பகுதியில் தங்கலாம் என்று கேட்டிருக்கிறார். எதைச் சுற்றிப் பார்க்கலாம் என்ற கேள்வியே இதில் இல்லை. காரோ ஆட்டோவோ ஓடாத, நாலு எட்டுக்கு ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டிய ஊரில், அரிசி வாங்கி, குப்பை போட்டு, துணி காயவைத்து, மருந்து தீர்ந்தால் வாங்கி ஒரு குடித்தனம் நடத்த முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. முடியும். நவம்பர் நல்ல மாதமும்கூட. ஆனால் அந்த ஒரு மாதம் சுகமா சிரமமா என்பதை முக்கால்வாசி நீங்கள் பிடிக்கிற வீடே தீர்மானித்துவிடும். இத்தாலியில் நீண்ட நாள் தங்க வருகிறவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

வெனிஸில் பாலங்கள் 400க்கு மேல். அநேகமாக எல்லாமே படி வைத்தவை. அதனால் ஊர் நடுவிலுள்ள ரியால்தோ பாலத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டை எடுக்காதீர்கள். கேட்க வேண்டியவை மூன்று. பக்கத்துப் படகுத் துறைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் எத்தனை பாலம்? பக்கத்து மளிகைக் கடைக்கு எத்தனை பாலம்? வாசலிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படிக்கட்டு? மூன்றாவதை எண்ணிக்கையாகவே கேட்டு வாங்குங்கள். முதல் மாடி என்று எழுதியிருக்கும், நடுவில் ஓர் இடைத்தளம் இருக்கும், நேரில் போய்ப் பார்த்தால் செங்குத்தாக 40 படி. லிஃப்ட் உள்ள வீடு மிகக் குறைவு. படிக்குப் பயந்து தரைத்தளம் எடுத்துவிடாதீர்கள். ஈரம் சுவரில் ஏறியிருக்கும், வெள்ளம் முதலில் தொடுவதும் அதைத்தான். முதல் மாடி, 20 முதல் 25 படி, துறையிலிருந்து பாலமே இல்லாத வழி: முழங்கால் வலிக்கு இதுதான் அளவு.

இந்த அளவுக்குப் பொருந்தும் இடம் கஸ்தெல்லோ பகுதியின் கிழக்குப் பக்கம், கரிபால்டி வீதியைச் சுற்றியுள்ள தெருக்கள். நெப்போலியன் காலத்தில் ஒரு கால்வாயைத் தூர்த்துப் போட்ட அகலமான வீதி அது, முழுக்கச் சமதரை. கடைகள், மருந்துக்கடை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. வீதி முடியும் இடத்தில் கால்வாயில் கட்டிய படகிலேயே காய்கறி விற்கிறார்கள். அர்செனாலே, ஜியார்தீனி என்ற இரண்டு படகுத் துறைகளும் நடக்கிற தூரம். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம், உள்ளூர்க்காரர்கள் இன்னும் வசிக்கிற இடம். அடுத்தபடியாக ஜியுதெக்கா தீவின் நீண்ட கரையையும், சான்தா குரோச்சேயில் சான் ஜாக்கொமோ தெல்லோரியோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களையும் சொல்வேன். கன்னரேஜியோ பகுதி பிடித்தால் எடுக்கலாம், ஆனால் மிசெரிகோர்தியா கால்வாய்க்கரையை ஒட்டி வேண்டாம். இரவு மதுக்கடைச் சத்தம் சன்னலுக்குள் வரும். மாணவர் கூட்டத்தால் சான்தா மார்கெரீத்தா சதுக்கமும் அப்படியே. சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டித் தங்குவதற்குக் காசு அதிகம், மளிகைக் கடை குறைவு, தரையும் தாழ்வு. லீதோ தீவில் காரும் பஸ்ஸும் ஓடும், முழங்காலுக்கு அதுதான் ஆகச் சுலபம். ஆனால் தினமும் படகேறித்தான் வெனிஸுக்கு வர வேண்டும், நவம்பரில் கடற்கரை ஊருக்கே உரிய வெறிச்சும் இருக்கும்.

முகவரி வெனிஸில் தெருவைச் சேர்ந்ததல்ல, பகுதியைச் சேர்ந்தது. ஊர் ஆறு பகுதி. கஸ்தெல்லோ 1840 என்றால் அந்தப் பகுதி முழுவதையும் சுற்றி ஓடும் எண் வரிசையில் ஒரு வாசல் என்று பொருள், பக்கத்து எண் அடுத்த சந்தில் இருக்கலாம். ஒரே பெயருள்ள சந்துகள் வேறு வேறு பகுதிகளில் உண்டு. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசியின் புள்ளி வேறு தெருவுக்குத் தாவிவிடும். ஆகவே வீட்டுக்காரரிடம் பகுதி எண்ணோடு சந்தின் பெயர், இறங்க வேண்டிய துறை, துறையிலிருந்து கதவு வரை நடந்து எடுத்த ஒரு காணொளி, மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். காணொளி அனுப்பத் தயங்குகிறவரின் வீட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஏமாற்றுக்கு இன்னொரு காப்பும் உண்டு. இத்தாலியில் 2025 ஜனவரி 1 முதல் குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் தேசிய அடையாள எண் கட்டாயம். ‘சின்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். விளம்பரத்திலேயே அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலகிவிடுங்கள். வீடு பதியும் இணையதளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்குப் பணம் அனுப்பினால் விலை குறைவு என்று யார் சொன்னாலும் அனுப்ப வேண்டாம். மொத்தம் 30 நாளுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிய வேண்டியதில்லை, அதைத் தாண்டினால் பதிய வேண்டும். பல வீட்டுக்காரர்கள் 31ஆம் இரவுக்குத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். எனவே 28 முதல் 30 இரவுக்குள் கேளுங்கள், மாத வாடகைக்குத் தள்ளுபடியும் கேளுங்கள். ஹீட்டருக்கான எரிவாயு வாடகையில் அடங்குமா, மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நவம்பரில் அந்தத் தொகை சின்னதாக இராது. வெனிஸ் இருக்கும் தட்பவெப்ப மண்டலத்தில் ஹீட்டர் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளுக்கு அதிகபட்சம் 14 மணி நேரம் என்பது பொது விதி. இரவு முழுக்க ஓடும் என்று எண்ணாமல் ஒரு கம்பளி உள்ளாடை வைத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கியதும் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் கேட்பார். தங்குகிறவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு இணையத்தில் அனுப்ப வேண்டியது அவர் கடமை. அனுப்பியதற்கான ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். துபாய், தோஹா வழியாக நேரே வெனிஸில் இறங்கினால் எல்லையில் பதிவாகும் நுழைவே போதும். பிராங்பர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) ஊரில் எல்லைச் சோதனை முடித்துவிட்டு வந்தால், இத்தாலிக்குள் வந்த 8 நாளுக்குள் வந்திருப்பதைக் காவல்துறையிடம் அறிவிக்க வேண்டும். அந்த இடத்தில் இந்த நகல் கைகொடுக்கும். தங்கும் வரி தலைக்கு ஓர் இரவுக்கு அதிகபட்சம் 5 யூரோ அளவில், அதுவும் முதல் 5 இரவுக்கு மட்டும். ஒருநாள் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் வாங்கும் நுழைவுக் கட்டணம் ஊருக்குள் தங்குகிறவர்களுக்குக் கிடையாது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அது வசந்தம், கோடை நாட்களுக்குத்தான் இருந்தது. தேதிகளை நகராட்சி ஆண்டுதோறும் தீர்மானிப்பதால் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வெள்ளம். கடல் மட்டம் சில மணி நேரம் உயர்ந்து வடிவதுதான் அது, மழை வெள்ளம்போல் நாள் கணக்கில் நிற்காது. 1966 நவம்பர் 4இல் 194 சென்டிமீட்டர், 2019 நவம்பர் 12இல் 187 சென்டிமீட்டர் என்று ஏறியவைதான் உலகம் நினைவு வைத்திருக்கும் வெள்ளங்கள். இந்த சென்டிமீட்டர் எல்லாம் கடல் மட்டத்துக்கான ஒரு நிலையான குறியிலிருந்து அளப்பவை, தெருவில் நிற்கும் தண்ணீரின் ஆழமல்ல. 2020 அக்டோபர் 3 முதல் நிலைமை வேறு. லீதோ, மலமோக்கோ, கியோஜ்ஜா என்ற மூன்று கடல் வாய்களிலும் கடலடியில் படுத்திருக்கும் 78 மதகுகளுக்குள் காற்றைச் செலுத்தி எழுப்பிக் கடலை அடைத்துவிடுகிறார்கள். ‘மோசே’ என்று பெயர். நீர்மட்டம் 110 சென்டிமீட்டரைத் தொடும் என்று கணிப்பு வந்தால் மதகு எழும். ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் 80, 90 சென்டிமீட்டருக்கே நனையத் தொடங்கிவிடும். ஆகவே மதகு எழாத நாளிலும் சதுக்கத்தில் தண்ணீர் நிற்கும் படத்தைச் செய்தியில் பார்ப்பீர்கள். அதை வைத்து ஊரே மூழ்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பது தெளிவு. நிலவின் இழுப்பால் வரும் ஏற்றத்தை ஆண்டு முழுவதற்கும் முன்னதாகவே கணித்து அட்டவணை போட்டுவிடலாம். அதன்மேல் ஏறுகிற பங்கு சிரோக்கோ என்ற தென்கிழக்குக் காற்றாலும் காற்றழுத்தத் தாழ்வாலும் வருவது, அது இரண்டு மூன்று நாள் முன்புதான் தெரியும். எனவே நீங்கள் தங்கும் மாதத்தில் தண்ணீர் வருமா என்று இன்று யார் சொன்னாலும் அது ஊகம். நகராட்சியின் ஓத (கடல் ஏற்ற இறக்க) முன்னறிவிப்பு மையம் சென்டிமீட்டர் கணக்கில் நேரத்தோடு வெளியிடுகிறது, காலையில் காபிக்கு முன் அதைப் பாருங்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். தண்ணீர் ஏறும்போது தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் படகு நுழைய முடியாது என்பதால் சில தடங்கள் சுற்றி விடப்படும். பனிமூட்டத்திலும் அப்படியே. விமானம் பிடிக்கும் நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படகுச் செலவு பலர் கணக்குப் போட மறப்பது. 75 நிமிடத்துக்கான ஒரு சீட்டு 9.50 யூரோ. 7 நாள் சீட்டு 65 யூரோ என்று வைத்தால் இருவருக்கு நான்கு வாரத்துக்கு 520 யூரோ ஆகிறது. ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் வெனேசியா யூனிக்கா அட்டையை வெளியூர்க்காரரும் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். 100 யூரோ அளவில் வரும், 5 ஆண்டு செல்லும், அதற்குப் பிறகு பயணக் கட்டணம் பல மடங்கு குறையும். தினமும் இரண்டு முறை படகேறப் போகிறீர்கள் என்றால், முழங்கால் வலியோடு கட்டாயம் ஏறுவீர்கள், இந்த அட்டைதான் லாபம். கட்டணங்களை அடிக்கடி மாற்றுகிறார்கள், பஸ்கள் வந்து நிற்கும் பியாத்சாலே ரோமா சதுக்கத்துக் கவுன்டரில் அன்றைய விலையைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். எந்தச் சீட்டானாலும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையில் உள்ள இயந்திரத்தில் காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கிவிட்டு இயந்திரத்தில் காட்டாமல் ஏறி அபராதம் கட்டுகிறவர்கள் நிறைய. பெருங்கால்வாயைக் கடக்க மட்டும் என்றால் பாலம் தேடி நடக்காமல், சான் தோமா, சான்தா சோபியா போன்ற இடங்களில் இருவர் துடுப்புப் போடும் கடத்துப் படகில் 2 யூரோவுக்குக் கடக்கலாம். ஏறும்போது ஆடும், படகோட்டி கை கொடுப்பார், தயங்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியைப் பொறுத்தவரை நீளம், அகலம், உயரம் கூட்டினால் 150 சென்டிமீட்டருக்குள் வரும் ஒரு பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும். 30 கிலோ பெட்டியோடு ஒரு பாலம் ஏறினால் முதல் நாளே முழங்கால் வீங்கிவிடும்.

சமையலுக்கு வருகிறேன். நம் மிக்ஸி அங்கே ஓடும், மின்னழுத்தம் இங்குள்ளதுதான். பிளக்தான் பொருந்தாது. நம் தடித்த மூன்று ஊசிக்கு இத்தாலியின் ஒரே வரிசையில் மூன்று துளை உள்ள சாக்கெட்டில் இடமில்லை, அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், இத்தாலிய வீடுகளில் பெரும்பாலும் மொத்தமே 3 கிலோவாட் இணைப்புதான். வாஷிங் மெஷினில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போது மின்சார அடுப்பையும் போட்டால் மெயின் விழுந்துவிடும். மீட்டர் பல வீடுகளில் கீழே வாசல் நடையில் இருக்கும், இருட்டில் 25 படி இறங்கி அதைத் தூக்கிவிட வேண்டும். அது எங்கே என்று முதல் நாளே காட்டச் சொல்லுங்கள். குக்கர் கொண்டுபோவதானால் அடுப்பு கேஸா இண்டக்‌ஷனா என்று கேளுங்கள். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடேறாது.

சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், புளி, உளுந்து கொண்டுபோகலாம். நெய், பால்பவுடர், பால் இனிப்புகள் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டுவரத் தடை இருக்கிறது. 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய், பழம், இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையைத் துணியில் சுற்றி எடுத்துப்போகிறவர்கள் சுங்கத்தில் அதைப் பறிகொடுக்கிறார்கள். அங்கே போய் வாங்க இடம் இருக்கிறது. பியாத்சாலே ரோமாவிலிருந்து டிராமில் எதிர்க்கரை ஊரான மேஸ்த்ரே போனால், ரயில் நிலையத்தை ஒட்டிய பியாவே வீதிப் பக்கம் வங்கதேசத்தவர் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மர்கேராவின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்யும் வங்கதேசக் குடும்பங்கள் அங்கே ஏராளம். துவரம்பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய் அங்கே வாங்கிக்கொள்ளலாம். பத்து நாளுக்கு ஒருமுறை போனால் போதும். பொன்னி அரிசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பாஸ்மதி எங்கும் உண்டு. மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, இனிப்பில்லாத முழுக்கொழுப்புத் தயிர் எல்லாம் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கன்னரேஜியோவில் பழைய தியேட்டர் ஒன்றை ஓவியங்களோடு அப்படியே வைத்து நடத்தும் சூப்பர் மார்க்கெட்டும், ரியால்தோவின் காலைக் காய்கறிச் சந்தையும் கூடையோடு போய் வர நல்லவை. நவம்பரில் பரங்கி, சோம்புக்கிழங்கு, கசப்பு ஏறிய சிவப்பு ரதிக்கியோ கீரை, சீமைப் பனிச்சைப்பழம் வரும். சூப்பர் மார்க்கெட்டில் பழத்தைக் கையால் தொடாமல் பிளாஸ்டிக் கையுறை போட்டு எடுத்து நீங்களே எடைபோட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் கவுன்டருக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

வெளியில் சாப்பிட்டால் இரண்டு இடத்தில் கவனம். காய்கறி ரிசோத்தோ (குழைவாக வேகவைத்த சாதம்) என்று எழுதியிருந்தாலும் வேகவைத்த சாறு இறைச்சியுடையதாகவோ மீனுடையதாகவோ இருக்கலாம். ஆர்டர் செய்யும் முன் சாறு எதில் செய்தது என்று கேளுங்கள். பார்மிஜானோ, கிரானா பாலாடைக்கட்டிகள் கன்றின் வயிற்று நொதியால் உறைய வைத்தவை, சுத்த சைவம் பார்ப்பவர்கள் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டில் வாங்கிப் படியேற வேண்டாம்.

குப்பை விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அபராதம் வந்த பிறகே தெரிகிறது. தெருவில் தொட்டி கிடையாது. முதல் நாள் இரவே வாசலில் வைத்தால் கடற்புறாவும் எலியும் கிழித்துப் போட்டுவிடும். காலை 6.30 முதல் 8.30 வரை குப்பைப் படகு நிற்கும் இடத்துக்கு நீங்களே கொண்டுபோகலாம், அல்லது 8.30க்கு மேல் ஊழியர் மணி அடிக்கும்போது கையில் கொடுக்கலாம். காகிதம் திங்கள், புதன், வெள்ளி. கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம் செவ்வாய், வியாழன், சனி. மற்றது ஞாயிறு தவிர தினமும். காய்கறித் தோல் வீட்டில் நாறாமல் இருக்க, தினமும் கொடுத்துவிடுங்கள். கழிப்பறையில் காகிதம் தவிர எதையும் போடாதீர்கள். பழைய வீடுகளில் குழாய்கள் நூற்றாண்டு பழைய செங்கல் வாய்க்கால்களுக்குப் போகின்றன, அடைத்தால் படகில்தான் ஆள் வர வேண்டும். துணி அந்த மாதத்தில் இரண்டு நாளானாலும் காயாது, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உள்ள வீடா என்று கேளுங்கள். நவம்பர் நடுவில் மாலை 4.40க்குள் சூரியன் விழுந்துவிடும். பாலப்படிகள் ஈரத்தில் வழுக்கும், ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள்.

மருந்தை முழு மாதத்துக்கும் இரண்டு வாரம் கூடுதலாகவும் எடுத்துப் போங்கள். பெட்டியில் போடாமல் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும், நம் ஊர்ப் பிராண்ட் பெயர் அங்கே புரியாது. அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸ் படகாகத்தான் வரும். ஊரின் பெரிய மருத்துவமனை கஸ்தெல்லோவில், சான்தி ஜொவான்னி எ பாவோலோ சதுக்கத்தில், பளிங்கு முகப்புள்ள பழைய மண்டபத்தின் வழியாக நுழையும் இடம். முழங்கால் வலி ஏற்கெனவே உள்ளது என்பதால், பழைய நோய்க்கும் சிகிச்சை தருமா என்பதைப் படித்துவிட்டே காப்பீடு எடுங்கள். விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு கட்டாயம்தான், ஆனால் அந்தக் குறைந்தபட்சப் பாலிசிகள் பலவும் பழைய நோயை விட்டுவிடுகின்றன.

சொந்தக் கருத்தாக ஒன்று. 1951இல் இந்தத் தீவுகளில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தார்கள், 2022இல் அது 50,000க்குக் கீழே போனது. சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்து மருந்துக்கடைச் சன்னலில் அந்த எண்ணிக்கையை மின்பலகையில் காட்டுகிறார்கள். வீடுகள் இரவு வாடகைக்குப் போனது அதற்கு ஒரு முக்கிய காரணம். நீங்களும் அப்படி ஒரு வீட்டைத்தான் எடுக்கிறீர்கள். இருபது வீடு வைத்து நடத்தும் நிறுவனத்தைவிட, தன் பாட்டி வீட்டை மட்டும் வாடகைக்கு விட்டு மேல் மாடியில் தானும் வசிக்கிற குடும்பம் கிடைத்தால் அதையே எடுங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மெயின் விழுந்தால் கூப்பிட ஆள் இருக்கும். நவம்பர் 21 அன்று, 1630இல் வந்த கொள்ளைநோய் நீங்கியதற்கு நேர்த்திக்கடனாகக் கட்டிய சலூத்தே கோயிலுக்கு, பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு ஊரே மெழுகுவத்தியோடு நடக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் உங்களையும் கூட்டிக்கொண்டு போவார். சந்தில் வலப்பக்கம் நடங்கள், பாலத்தின் உச்சியில் நின்று படம் எடுக்காதீர்கள், படகில் முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வையுங்கள். ஊர்க்காரர் முகம் இதற்கே மலரும்.

விசா கிடைக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. முழு மாதத்துக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள், அதனால் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பும் நிபந்தனையில் வீட்டை முதலில் பதியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும், கட்டணம் 90 யூரோ, அதுபோக விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம். இறங்கும் நாளும் புறப்படும் நாளும் இரண்டுமே தங்கும் நாளில் சேரும், 30 இரவுக்கு 31 நாள் கேளுங்கள். அக்டோபர் கடைசிப் பயணத்துக்கு ஜூனில் வீடு, ஜூலையில் விண்ணப்பம் என்று வைத்துக்கொண்டால் சந்திப்பு நேரம் கிடைக்கத் தாமதமானாலும் தாங்கும்.